கடைசி வரிசைப் பிள்ளைகளும் படிக்க: மானாவாரிக் கிராமத்தில் ஒரு மாலை வகுப்பை நடத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆசிரியர் வருகிறார், மதியம் முட்டையோடு சோறு கிடைக்கிறது, புத்தகமும் சீருடையும் விலையில்லாமல் வருகின்றன. அப்படியிருந்தும் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்ட ஒரு பிள்ளை நான்கு வரியைத் தடங்கலின்றி வாசிக்க முடியாமல் தலைகுனிந்து நிற்கும் காட்சியைத் திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, தருமபுரி பக்கத்து ஊர்களில் இன்றும் பார்க்கலாம். பெருந்தொற்றுக் காலத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் 1 வரை மூடிக் கிடந்தன. அதற்கு அடுத்த ஆண்டு எடுக்கப்பட்ட, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் 'அசர்' கிராமப்புற ஆய்வில், தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள்தாம் இன்று நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவ்வழிகாட்டி அவர்களுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் உள்ளூர்க்காரருக்கானது. நீங்கள் ஆசிரியராக இருக்கலாம், பட்டம் முடித்து ஊரில் இருக்கும் பெண்ணாக இருக்கலாம், பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கும் தாயாகவும் இருக்கலாம். மாலையில் ஒன்றரை மணி நேரமும், ஓராண்டு விடாமல் செய்யும் மனமும் இருந்தால் போதும். பணம் ஓரளவு தேவைப்படும், ஆனால் பணம் இல்லாமல் நின்றுபோன மாலை வகுப்புகளைவிட, பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் பாடம் நடத்தியதால் வீணாய்ப்போன வகுப்புகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதற்படி: ஊரை நடந்து பாருங்கள்

வகுப்பைத் தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் வீடு வீடாகச் செல்ல வேண்டும். பள்ளி வருகைப் பதிவேட்டை மட்டும் நம்பக் கூடாது. பதிவேட்டில் பெயர் இருந்தும் மாதக்கணக்கில் வராத பிள்ளைகள் இருப்பார்கள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பிள்ளைகளும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். ஐந்து வயது முதல் பதினெட்டு வயது வரை உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், வயது, வகுப்பு ஆகியவற்றோடு, மாலை ஐந்து மணிக்கு அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், குடும்பம் எந்த மாதத்தில் வெளியூர் வேலைக்குப் போகிறது, பிள்ளை ஆடு ஓட்டுகிறதா, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறதா, தண்ணீர் சுமக்கிறதா என்பவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு பிள்ளை வராமல்போகும் நாளில் காரணம் பெரும்பாலும் இந்தப் பக்கத்திலேயே இருக்கும்.

வகுப்பை எந்த இடத்தில் நடத்துவது என்பதை அவசரப்பட்டு முடிவுசெய்யாதீர்கள். நம் கிராமங்களில் ஊர் ஓரிடத்திலும் காலனி ஓரிடத்திலும் இருளர் குடியிருப்பு ஏரிக்கரையிலோ மலையடிவாரத்திலோ தனியாகவும் இருப்பதுதான் உண்மை நிலை. ஊர் நடுவில் உள்ள கோயில் மண்டபத்தில் வகுப்பு வைத்தால், வாய்விட்டு யாரும் தடுக்காவிட்டாலும் காலனிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். ஒரு வாரத்திற்குள் வகுப்பு ஒரு சாதியின் வகுப்பாகிவிடும். பள்ளிக் கட்டடம் பொதுவானது என்பதால் தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று அங்கேயே நடத்துவது நல்லது. அது இயலாவிட்டால், மிகவும் பின்தங்கிய குடியிருப்புக்கு அருகில் வையுங்கள். வசதியுள்ள பிள்ளைகள் அங்கே நடந்து வரட்டும். உட்காரும் வரிசையும் குடிக்கும் குவளையும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இரண்டாம் படி: ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று அளந்து பாருங்கள்

இவ்வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். நான்கு தாள் தயாரித்துக்கொள்ளுங்கள். முதல் தாளில் பத்து எழுத்துகள், இரண்டாவதில் 'மரம்', 'பாடம்', 'கோழி' போன்ற பத்து எளிய சொற்கள், மூன்றாவதில் நான்கு சிறு வாக்கியங்கள், நான்காவதில் எட்டு முதல் பத்து வரி உள்ள சிறு கதை இருக்க வேண்டும். கதை பாடப்புத்தகத்தில் இல்லாததாக, நீங்களே எழுதியதாக இருக்கட்டும். மூன்றாம் தாளில் தொடங்கி, பிள்ளை எளிதாக வாசித்தால் கதைக்கும், திணறினால் சொல்லுக்கும் எழுத்துக்கும் போங்கள். தடங்கலின்றி எந்தத் தாளை வாசிக்க முடிகிறதோ அதுவே அப்பிள்ளை நிற்கும் இடம்.

பாடப்புத்தகத்தை வைத்து அளக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தமிழ்ப் புத்தகத்தின் முதல் பாடத்தைக் கணீரென்று வாசித்துக் காட்டினாள். எனக்கு ஒரே மகிழ்ச்சி. அவள் விரலைத் தற்செயலாகக் கவனித்தபோதுதான், வாய் மூன்றாம் வரியில் இருக்க விரல் ஐந்தாம் வரியில் நகர்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. அதே பாடத்திலிருந்து 'வயல்' என்ற ஒரு சொல்லை மட்டும் தனியாகத் தாளில் எழுதிக் காட்டினேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்லிய குரலில் "தெரியலக்கா" என்றாள். ஐந்து ஆண்டுகளாகக் காதால் கேட்டதையே மனப்பாடம் செய்து வகுப்பு ஏறி வந்திருக்கிறாள். அந்த நினைவாற்றல் உள்ள பிள்ளையை 'மக்கு' என்று ஒதுக்கியிருந்தால் அதைவிடப் பெரிய அநியாயம் இருக்க முடியாது.

அளக்கும்போது மற்றப் பிள்ளைகள் சுற்றி நிற்கக் கூடாது. திண்ணையிலோ மரத்தடியிலோ தனியாக உட்காரவைத்து, முதலில் வீட்டில் என்ன சமைத்தார்கள், ஆட்டுக்குட்டி எத்தனை என்று பேசிவிட்டுத் தொடங்குங்கள். தவறாக வாசித்தால் திருத்த வேண்டாம், அந்த நேரத்தில் குறித்துக்கொள்வது மட்டுமே உங்கள் வேலை. 'நிலை' என்று ஓர் எண்ணை மட்டும் எழுதினால் போதாது. எந்த எழுத்தில் தடுமாறுகிறது, கொம்பு வரும்போதா, சுழி வரும்போதா என்று எழுதிவைக்க வேண்டும்.

கணக்குக்கும் இதே முறைதான். ஒற்றை இலக்க எண்களை அடையாளம் காண்பது, 11 முதல் 99 வரை உள்ள எண்கள், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல் என்ற வரிசையில் கேளுங்கள்.

மூன்றாம் படி: வகுப்பை மறந்துவிட்டு நிலையை வைத்துக் குழு பிரியுங்கள்

எழுத்து நிலை, சொல் நிலை, வாக்கியம் மற்றும் கதை நிலை என்று மூன்று குழு போதுமானது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஏழாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே குழுவில் உட்கார நேரிடும். பெரிய பிள்ளைக்கு அது கூச்சமாக இருக்கும் என்பதால், குழுக்களுக்கு எண் வைக்காமல் பூ, மரம், ஆறு என்று ஏதாவதொரு பெயர் வையுங்கள். 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்றே நிலைகளைப் பிரித்தார்கள்.

இந்த முறை பலன் தரும் என்பதற்கு வலுவான ஆதாரம் உண்டு. மும்பையில் 1990-களில் தொடங்கப்பட்ட பிரதம் அமைப்பு, வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரித்துக் கற்பிக்கும் முறையைப் பல மாநிலங்களில் நடத்தியது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகிய பொருளியல் அறிஞர்கள் அதை, அம்முறையில் கற்பிக்கப்படாத குழுக்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். 2019-ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு மைக்கேல் கிரேமரோடு அவர்களுக்குக் கிடைத்தபோது, அந்த ஆய்வு வரிசையும் அதற்கான காரணங்களில் ஒன்றாக இருந்தது. அங்கே கற்பித்தவர்களில் பலர் உள்ளூர்த் தன்னார்வலர்கள் என்பதை நாம் கவனத்தில் கொள்ள வேண்டும்.

எழுத்து நிலையில் உள்ள பிள்ளைக்கு 'அ, ஆ' என்று 247 எழுத்தையும் வரிசையாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினால் ஓராண்டு போய்விடும். எழுதுவதற்கு எளிதான, சொல் கட்டுவதற்கு உதவும் ஐந்து எழுத்துகளில் தொடங்குங்கள். ப, ட, ம, த, ர ஆகிய ஐந்தும் புள்ளியும் தெரிந்தாலே படம், மடம், மரம், தடம், தரம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். முதல் வாரத்திலேயே 'நான் வாசிக்கிறேன்' என்ற எண்ணம் பிள்ளைக்கு வந்தாக வேண்டும். அடுத்த வாரம் கால் சேர்த்தால் பாடம், மாடம், பாட்டம் என்று சொற்கள் பெருகும்.

தடுமாற்றம் உறுதியாக வரும் இடங்கள் இரண்டு. ஒன்று, கொம்பு. 'கே' என்பதில் ஒலி ககரத்தில் தொடங்குகிறது, ஆனால் கண்ணுக்கு முதலில் தெரிவது இரட்டைக்கொம்பு. 'கோ' என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் எழுத்து. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வாசிக்கும் பிள்ளை இங்கே திகைத்து நிற்பது இயல்பு. அட்டையில் எழுத்துகளையும் குறிகளையும் தனித்தனியாக வெட்டி, பிள்ளையே எழுத்தை வைத்து அதற்கு முன்னும் பின்னும் குறிகளை நகர்த்தி ஒலித்துப் பார்க்கச் செய்தால் இரண்டு வாரத்தில் இந்தத் தடை நீங்கும்.

இரண்டாவது, உகரம். மற்ற உயிர்மெய் வரிசைகளில் பெரும்பாலும் ஒரே குறி எல்லா எழுத்துக்கும் பொருந்தும். உகரத்திலோ எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. பதினெட்டையும் ஒன்றாகக் கொட்டாமல், வடிவத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். பு, சு, யு, வு, ஙு ஆகியவை கீழே கோடு இறங்கும் குடும்பம். கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவை வளைந்து சுற்றும் குடும்பம். து, நு, ணு, லு, று, னு, ஞு ஆகியவை மூன்றாவது குடும்பம். வாரத்திற்கு ஒரு குடும்பம் போதும். ல, ள, ழ வேறுபாட்டையும் ர, ற வேறுபாட்டையும் இந்தக் கட்டத்தில் பெரிதுபடுத்த வேண்டாம், வாசிப்பு ஓடத் தொடங்கிய பிறகு அவற்றைத் திருத்துவது எளிது.

சொல் நிலையைத் தாண்டியவர்களுக்குப் பிள்ளைகளின் சொந்தப் பேச்சுதான் சிறந்த பாடநூல். "நேத்து எங்க ஆடு குட்டி போட்டுச்சு" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை அப்படியே பலகையில் எழுதி வாசிக்கவையுங்கள். பிறகு அதற்குக் கீழே 'நேற்று எங்கள் ஆடு குட்டி போட்டது' என்று எழுதி, புத்தகத்தில் இப்படித்தான் இருக்கும் என்று காட்டுங்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ நரிக்குறவர் மொழியான வாக்ரிபோலியோ பேசும் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். அவர்களுக்குப் புரியாதது பெரும்பாலும் எழுத்து அன்று, எழுத்து சொல்லவரும் சொல். ஒவ்வொரு நாளும் கடைசி இருபது நிமிடத்தை உரக்கக் கதை வாசித்துக் காட்டுவதற்கு ஒதுக்குங்கள். ஊர்ப்புற நூலகத்தில் உறுப்பினராகிப் புத்தகம் எடுத்துவரலாம்.

நான்காம் படி: கணக்கைக் கைக்குக் கொண்டுவாருங்கள்

52-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் 45 என்று எழுதுவார்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறார்கள். அதைத் தவறு என்று சிவப்பு மையால் அடிப்பதால் ஒன்றும் மாறாது. தென்னை ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கட்டும் இரண்டு தனிக் குச்சியும் கொடுத்து, பதினேழு எடுக்கச் சொல்லுங்கள். கையில் இரண்டு குச்சிதான் இருக்கிறது, ஏழு வேண்டும் என்ற நிலை வரும்போது பிள்ளை தானாகவே ஒரு கட்டை அவிழ்க்கும். இப்போது நான்கு கட்டு, பன்னிரண்டு குச்சி. அவிழ்த்த கணத்திலேயே பலகையில் ஐந்தை அடித்து நான்கு என்றும், இரண்டைப் பன்னிரண்டு என்றும் எழுதிக் காட்டுங்கள். 'கடன் வாங்குதல்' என்ற சொல்லுக்குப் பொருள் அங்கேதான் பிறக்கிறது. கட்டை அவிழ்க்காமல் எத்தனை முறை பலகையில் எழுதினாலும் அது மந்திரமாகவே இருக்கும்.

சந்தைக்கும் கடைக்கும் போகும் பிள்ளைகளுக்கு மனக்கணக்கு நன்றாக வரும். ஐம்பது ரூபாய் கொடுத்து முப்பத்திரண்டு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்பதை நொடியில் சொல்லும் பிள்ளை, அதையே தாளில் எழுதினால் விழிக்கும். அவர்களுக்குக் காசிலிருந்து தாளுக்கு வர ஒரு பாலம் போட்டால் போதும்.

ஐந்தாம் படி: இடம்பெயரும் குடும்பங்களுக்கு முன்கூட்டியே வழி செய்யுங்கள்

மேலே சொன்னவை எல்லாம் பிள்ளை ஊரில் இருந்தால்தான் நடக்கும். மானாவாரி நிலக்கடலை அறுவடை முடிந்து கையில் வேலை இல்லாதபோது, குடும்பங்கள் செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கும், கரும்பு வெட்டுக்கும், பெங்களூருவில் கட்டட வேலைக்கும் போகின்றன. சூளை வேலை பெரும்பாலும் தை மாதம் தொடங்கி ஆனி வரை நடக்கிறது. அதாவது ஆண்டுப் பாடத்தின் கடைசிப் பகுதியும் முழுஆண்டுத் தேர்வும் அடுத்த கல்வியாண்டின் தொடக்கமும் ஒருசேரப் போய்விடுகின்றன. முன்பணம் சில மாதங்களுக்கு முன்பே மேஸ்திரியிடமிருந்து கைமாறிவிடும். ஆகவே நீங்கள் பேச வேண்டிய காலம் கார்த்திகை. மூட்டை கட்டிய பிறகு போய்ப் பேசிப் பயனில்லை.

வழிகளில் முதலாவது, பிள்ளையை ஊரிலேயே தங்கவைப்பது. பாட்டி இருந்தால் அவரிடம் பேசுங்கள். ஆனால் அந்தக் கிழவிக்கே கஞ்சிக்கு வழியில்லாமல் இருக்கலாம் என்பதையும் பாருங்கள். இல்லாவிட்டால் ஆதிதிராவிடர் நல விடுதி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, பெண்பிள்ளைகளுக்கான கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா ஆகியவற்றில் இடம் கேட்கலாம். விண்ணப்பிப்பதற்கு முன் தாயோடு நேரில் சென்று, இரவில் காப்பாளர் தங்குகிறாரா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, பெண்பிள்ளைகள் உறங்கும் அறைக்குத் தாழ்ப்பாள் உள்ளதா என்று பார்த்துவிடுங்கள். எட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையைப் பிரித்து விடுதியில் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது வழி, போகும் இடத்திலேயே பள்ளியில் சேர்ப்பது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று 5-ஆம் பிரிவும், வயதுச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவும் சொல்கின்றன. கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி தர வேண்டும் என்பது 4-ஆம் பிரிவு. குடும்பம் கிளம்பும்போது பிள்ளையின் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்), கடைசியாக எந்த நிலையில் வாசித்தது என்ற குறிப்பு, உங்கள் கைப்பேசி எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தாயிடம் கொடுங்கள். சூளை உள்ள ஒன்றியத்தின் வட்டார வள மையத்திற்கு நீங்களே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். சேர்க்க மறுத்தால் 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும், பிள்ளை வேலை வாங்கப்படுவதாகத் தெரிந்தால் 1098-லும் சொல்லலாம். முன்பணத்தைக் காட்டிக் குடும்பத்தை வெளியேறவிடாமல் வைத்திருந்தால் அது 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை, உடனே கோட்டாட்சியருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ தெரிவிக்க வேண்டும்.

திரும்பி வந்த பிள்ளையை மறுநாளே மீண்டும் அளந்து பார்த்துக் குழுவில் சேர்த்துவிடுங்கள். ஆறு மாதத்தில் அது மறந்திருக்கும். அதற்காக வெட்கப்படும்படி ஒரு சொல்லும் சொல்லக் கூடாது.

ஆறாம் படி: வயிறும் கண்ணும்

பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளையைச் சோம்பேறி என்று எண்ணிவிடாதீர்கள். பார்வைக் குறையாக இருக்கலாம். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சொன்னால் பள்ளிச் சிறார் கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வார்கள், கண்ணாடியும் இலவசமாகக் கிடைக்கும். காது மந்தமாக இருப்பதும் இப்படியே கவனிக்கப்படாமல் போகிறது. குடற்புழு நீக்க மாத்திரையும், வளரிளம் பிள்ளைகளுக்கு வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அது கிடைக்கிறது. ஆறாம் வகுப்புக்காகத் தொலைவிலுள்ள பள்ளிக்கு ஏழரை மணிக்கே பேருந்து பிடிக்கும் பிள்ளைக்கு அந்தச் சிற்றுண்டி நின்றுவிடுகிறது. மதியம் வரை வெறும் வயிற்றோடு இருக்கும் இந்த வயதுக்காரர்களை மனத்தில் வைத்து, மாலை வகுப்பில் கொண்டைக்கடலையோ வேர்க்கடலையோ அவித்துக் கொடுக்க ஊரில் யாரையாவது கேளுங்கள். நெல்லும் கடலையும் தர ஊரார் தயங்குவதில்லை, கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

ஏழாம் படி: காகிதங்களை நேரத்தோடு சேர்த்துவையுங்கள்

சாதிச் சான்றிதழ் இல்லாததால் படிப்புதவித் தொகையை இழந்த பிள்ளைகள் மிகப் பலர். பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரும், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ தருகிறார்கள். இருளர், மலையாளி, காட்டுநாயக்கன் குடும்பங்களுக்கு விசாரணை நீளும் என்பதால், பத்தாம் வகுப்புவரை காத்திருக்காமல் ஐந்தாம் வகுப்பிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தினர் 2023 ஜனவரி முதல் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள். பழைய சான்றிதழ் வைத்திருப்பவர்கள் புதிது வாங்க வேண்டும். ஆதார், வங்கிக் கணக்கு, பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பெயரும் முதலெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றில் முதலெழுத்து முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருந்தாலே பணம் வந்துசேராமல் நின்றுவிடும்.

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வை எந்தப் பிள்ளையும் தவறவிடக் கூடாது. பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருந்து தேர்ச்சி பெற்றால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். மனத்திறனில் 90, படிப்பறிவில் 90 என 180 வினாக்கள். மனத்திறன் பகுதி பள்ளியில் பாடமாக இல்லாததால், ஏழாம் வகுப்பு விடுமுறையிலேயே பழைய வினாத்தாள்களை வைத்துப் பழக்குங்கள். தேர்ச்சி பெற்றவர்களில் பலர் ஆண்டுதோறும் இணையத்தில் புதுப்பிக்காமல் இரண்டாம் ஆண்டுத் தொகையை இழந்துவிடுகிறார்கள், அந்தப் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் என்ற அளவில் தேர்ந்தெடுப்பார்கள்.

ஒன்பதாம் வகுப்பு வந்ததும் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றத் துடிக்கும் பெற்றோரிடம் ஒன்றைப் பொறுமையாக விளக்க வேண்டும். மருத்துவப் படிப்பில் 2020 முதலும் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் உள்ள 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் அந்த ஆண்டுகளின் படிப்பே தகுதி. நடுவில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இந்த வாய்ப்புகள் கைநழுவும்.

எட்டாம் படி: பெற்றோரோடு இரவில் பேசுங்கள்

பிற்பகல் மூன்று மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்தால், வர வேண்டியவர்கள் ஒரு நாள் கூலியை இழந்துதான் வர முடியும். இரவு எட்டு மணிக்கு அவர்கள் தெருவிலேயே கூடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயிடம் 'பிள்ளையைப் படிக்கவையுங்கள்' என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. தினமும் பத்து நிமிடம் பிள்ளை வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். எழுத்து தெரியாவிட்டாலும், வாசிப்பு ஓடுகிறதா திக்குகிறதா என்பது தாயின் காதுக்குத் தெரியும்.

சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும், மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களும் இருக்க வேண்டும். சூளைக்குப் போகும் குடும்பத்தின் தாய் ஒருவராவது அதில் இருக்கப் பாடுபடுங்கள். கழிப்பறைத் தண்ணீர், ஆசிரியர் காலியிடம், பேருந்து நேரம் ஆகியவற்றைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். தெருவிளக்கும் பாதையும் ஊராட்சியின் பொறுப்பு, ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராமசபையில் கேட்கலாம். ஆசிரியரோடு பகை வேண்டாம். ஐந்து வகுப்பை இருவர் நடத்தும் பள்ளியில், எழுத்துத் தெரியாத பிள்ளைகளை நீங்கள் வாசிக்கவைத்து அனுப்பினால் அவரைவிட மகிழ்பவர் இருக்க மாட்டார். உங்கள் நிலைக்குறிப்பு நோட்டை மாதம் ஒருமுறை அவருக்குக் காட்டுங்கள்.

ஒன்பதாம் படி: படிப்பு அறுந்துபோகும் இடங்களில் காவல் நில்லுங்கள்

ஐந்தாம் வகுப்பு முடிந்து வேறு ஊர்ப் பள்ளிக்கு மாறும்போது, எட்டு முடிந்து ஒன்பதில் சேரும்போது, பத்தாம் வகுப்பில் தோல்வியுறும்போது என மூன்று இடங்களில் பிள்ளைகள் உதிர்கிறார்கள். மே மாதத்திலேயே பட்டியல் எடுத்து, ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒவ்வொருவரும் சேர்ந்துவிட்டார்களா என்று நேரில் பார்த்துவிடுங்கள். பத்தாம் வகுப்பில் ஒன்றிரண்டு பாடத்தில் தவறியவரைத் தேர்வு முடிவு வந்த அன்று மாலையே போய்ப் பார்த்து, துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கவைத்து, அந்தப் பாடத்தை மட்டும் தினமும் நடத்துங்கள். ஒரு மாதம் கடந்துவிட்டால் பையன் பெங்களூருவுக்கோ திருப்பூருக்கோ ரயிலேறியிருப்பான்.

பெண்பிள்ளை என்றால் இன்னும் கவனம் தேவை. வயதுக்கு வந்த பிறகு ஒரு வாரத்துக்கு மேல் பள்ளிக்கு வராமல் இருந்தால் வீட்டுக்குச் செல்லுங்கள். காரணம் பெரும்பாலும் கழிப்பறை, தனிவழிப் பாதை, திருமணப் பேச்சு ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். பாதைதான் காரணம் என்றால் அந்தப் பக்கம் போகும் பிள்ளைகளைக் கூட்டாக அனுப்ப ஏற்பாடு செய்யலாம். பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் என்றால் தாயிடமும் தாய்மாமனிடமும் பேசிப் பாருங்கள், இணங்காவிட்டால் 1098-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். சில நாள் ஊரில் உங்களோடு பேசமாட்டார்கள். அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு எழுதுவாள்.

பத்தாம் படி: தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மீண்டும் அளந்து பாருங்கள்

இருபது பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் தன்னார்வலர் வேண்டும். 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் பணிசெய்த பெண்கள் பல ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள், பழகிய கைகளான அவர்களைத் தேடிப் பிடியுங்கள். ஒருவருக்குத் திருமணமாகியோ வேலை கிடைத்தோ போய்விட்டால் வகுப்பு நிற்காமலிருக்க, எப்போதும் ஒருவரைக் கூடுதலாகப் பழக்கி வைத்திருங்கள். முடிந்த அளவு மதிப்பூதியமும் கொடுங்கள், ஏழைப் பெண்ணின் உழைப்பை இலவசமாக வாங்குவது சரியன்று.

தொண்ணூறாம் நாள் அதே முறையில் புதிய கதைத்தாளோடு மீண்டும் அளந்து பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு நிலையாவது ஏறியிருப்பார்கள். ஏறாதவர்களின் பக்கங்களை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். எத்தனை நாள் வந்தார்கள் என்று முதலில் பாருங்கள். பாதி நாள் வராதவருக்கு வீட்டில்தான் விடை இருக்கிறது. ஒழுங்காக வந்தும் நகராதவருக்குக் கண்ணையும் காதையும் மீண்டும் சோதியுங்கள், குழுவை மாற்றி வேறொரு தன்னார்வலரிடம் உட்காரவையுங்கள். அதற்குப் பிறகும் எழுத்துகள் தலைகீழாகத் தெரிவது போலவோ, சொன்னது நினைவில் நிற்காதது போலவோ இருந்தால், வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரை வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வரும் நாளைத் தாயிடம் முன்னதாகச் சொல்லி, அன்றைக்குத் தாயையும் உடன் இருக்கச் செய்யுங்கள்.